முடிவெடுத்த பிறகு கேட்கும் ஜெபம்: போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்பான போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும்,

கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகள்.

ஆராதனை முடிந்ததும் ஒருவர் உங்களிடம் வருகிறார். "புது வேலைக்காக ஜெபம் பண்ணுங்க ஐயா" என்கிறார். சம்மதம் சொல்லிக் கையெழுத்தும் போட்டாயிற்று. சேரும் தேதிகூடத் தெரியும். நீங்கள் தலையில் கைவைத்து ஜெபிக்கிறீர்கள். கொஞ்ச நாள் கழித்து, "கர்த்தர் வழிநடத்தினார்" என்று அவர் சாட்சி சொல்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்புகிறார். ஆனால் அந்த முடிவில் தேவனிடம் ஒன்றுமே கேட்கப்படவில்லை. சம்பளம், பதவி, பெயர் எல்லாம் பார்த்துத் தீர்மானித்துவிட்டு, கடைசியில் அவரிடம் முத்திரை மட்டும் வாங்கிக்கொள்கிறோம்.

இஸ்ரவேலின் முதல் ராஜாவான சவுல் செய்ததும் இதுதான். போரில் தோற்ற அமலேக்கியரின் ஆடுமாடுகளில் ஒன்றையும் மிச்சம் வைக்கக் கூடாது என்பது கர்த்தருடைய கட்டளை. நல்லதையெல்லாம் தப்பவைத்துவிட்டு, தீர்க்கதரிசி சாமுவேல் கேட்டபோது, கர்த்தருக்குப் பலியிடத்தான் என்றான். அதற்குள் கர்மேலில் தனக்கென்று ஒரு ஜெயஸ்தம்பமும் நாட்டியாயிற்று. பாவம் செய்தேன் என்று ஒப்புக்கொண்ட பிறகும் அவன் கேட்டது என்ன? ஜனத்தின் மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்பதுதான். 1 சாமுவேல் 15-ஐ வாசிக்கும்போதெல்லாம் அந்த இடத்தில் எனக்கு மனம் கனத்துப்போகும். ராஜ்யமே கையை விட்டுப் போகிறது, அவனுக்கோ நாலு பேர் முன்னால் மரியாதை போகக் கூடாது.

"எதைச் செய்தாலும், எல்லாவற்றையும் தேவனுடைய மகிமைக்கென்று செய்யுங்கள்" என்ற வசனம் நம் எல்லோருக்கும் மனப்பாடம். அப்போஸ்தலன் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய நிருபத்தில் அதை எந்த இடத்தில் சொல்கிறார் என்பதையும் கொஞ்சம் சொல்லிக்கொடுங்கள். கொரிந்துவில் விருந்துக்குப் போனவனுக்கு முன்னால் இறைச்சி வைக்கப்படுகிறது. சாப்பிட அவனுக்கு உரிமை உண்டு. ஆனால் பக்கத்தில் ஒருவன், "இது விக்கிரகங்களுக்குப் படைக்கப்பட்டது" என்றால், அவன் மனச்சாட்சிக்காகச் சாப்பிடாதே என்கிறார் பவுல். பந்தியில், ஒரு வேளைச் சாப்பாட்டில், தன் உரிமையை இன்னொருவனுக்காக விட்டுக்கொடுப்பதுதான் அங்கே தேவ மகிமை. பெரிய ஊழியமோ பெரிய அழைப்போ அங்கே பேச்சிலேயே இல்லை.

இன்னொரு வசனம், "என்னைக் கனம்பண்ணுகிறவர்களை நான் கனம்பண்ணுவேன்." வாக்குத்தத்த அட்டைகளில் அடிக்கடி வருவது. அது ஆசாரியனாகிய ஏலிக்குச் சொன்ன கண்டனத்தின் நடுவில் வருகிறது; கர்த்தரைவிடத் தன் குமாரரை அவன் அதிகமாய் மதித்தான் என்பதுதான் குற்றச்சாட்டு. நாமோ அதை உயர்வுக்கான வழியாகப் பிரசங்கிக்கிறோம். ஸ்காட்லாந்து ஓட்டப்பந்தய வீரர் எரிக் லிடல் கதையும் அப்படியே ஆகிவிட்டது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச்சுற்று ஞாயிற்றுக்கிழமை நடப்பதால் ஓட மறுத்தார், 400 மீட்டரில் தங்கம் வாங்கினார் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அப்புறம் அவர் சீனாவுக்கு மிஷனரியாகப் போனதையும், 1945-ல் அங்கே ஜப்பானியரின் தடுப்பு முகாமில் இறந்துபோனதையும் எத்தனை பேர் சேர்த்துச் சொல்கிறோம்? பதக்கம் கிடைக்காமல் போயிருந்தாலும், ஓட மறுத்த அன்றே அவர் தேவனைக் கனப்படுத்திவிட்டார்.

உங்களிடம் கேட்பது இதுதான். ஜெபக்குறிப்போடு வருகிறவரிடம், ஜெபிப்பதற்கு முன்னால் கேளுங்கள்: "முடிவெடுத்தாயிற்றா? தேவன் வேண்டாம் என்றால் விட்டுவிடுவீர்களா? இதனால் வீட்டில் யாருக்கு என்ன பாரம்?" சங்கடமான கேள்விகள்தான். ஆனால் மேய்ப்பர்கள் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்? உங்கள் கமிட்டியிலும் கேளுங்கள். புதிய கட்டடத்தின் கல்வெட்டில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று பேச்சு வரும்போது, கல்வெட்டே எதற்கு என்று ஒரு மூப்பராவது வாய் திறக்க வேண்டும்.

சாட்சி நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கணக்கைத் திருத்தி எழுத மறுத்ததால் பதவி உயர்வை இழந்தவர் சபையில் இருக்கலாம். அதற்குப் பதிலாக வேறு பெரிய வேலை ஒன்றும் அவருக்கு வரவில்லை. "சாட்சி சொல்ல எனக்கு என்ன இருக்கிறது" என்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். வருகிற ஞாயிறு அவரை முன்னால் கூப்பிடுங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
சபை விசுவாசி ஒருவர்