எங்கடின் காட்டுக்குள் போகுமுன்

அன்பு மகளுக்கு,

இந்தப் பனிக்காலத்தில், கால் புதையாமலிருக்க அகன்ற மிதியடிகளைக் கட்டிக்கொண்டு, சுவிட்சர்லாந்தின் எங்கடின் பள்ளத்தாக்கின் காடுகளில் பாதையில்லாத இடங்களிலும் நடக்கப்போவதாக நீ எழுதியிருந்ததைப் படித்ததும் மகிழ்ச்சியோடு கவலையும் வந்தது. கவலை உன்னைப் பற்றி மட்டுமன்று, அங்கே வாழும் உயிர்களைப் பற்றியதும்தான்.

கோடை முடிவில் நாம் சுற்றிவந்த சுவிஸ் தேசியப் பூங்கா பனிக்காலத்தில் மூடப்பட்டுவிடும். 1914இல் தொடங்கப்பட்டு, இன்று ஏறத்தாழ 170 சதுர கிலோமீட்டர் பரந்திருக்கும் அந்த நிலத்தில், விழுந்த மரம் விழுந்த இடத்திலேயே மட்குகிறது. பூப்பறிக்கவோ நாயை அழைத்துவரவோ குறித்த பாதையை விட்டு விலகவோ எவருக்கும் அனுமதியில்லை. இவ்வளவு கண்டிப்பு தேவையா என்று நீ அப்போது கேட்டாய். தேவை என்றே நான் நினைக்கிறேன்.

அரோலா பைன் மரத்தடியில் நாம் நின்று பார்த்த நட்கிராக்கர் பறவையை நினைத்துப் பார். வெண்புள்ளிகள் தெளித்த அந்தப் பழுப்புநிறக் காக்கையினப் பறவை, தொண்டை புடைக்க விதைகளை நிரப்பிக்கொண்டு வந்து, அலகால் மண்ணைக் குத்தி, நாலைந்து விதைகளை உள்ளே தள்ளி, மேலே பாசியை இழுத்து மூடியது. அம்மரத்தின் விதைக்கு இறகு கிடையாது என்பதால் காற்றால் அதைச் சுமந்துசெல்ல முடியாது. ஒரு பறவை ஓராண்டில் பல்லாயிரம் விதைகளைப் புதைத்துவைத்து, பெரும்பாலானவற்றைப் பனிக்கடியிலிருந்தும் சரியாகத் தோண்டியெடுத்துவிடுகிறது. எடுக்காமல் விட்டவைதாம் 2,000 மீட்டருக்கு மேலேயும் காடாக எழுந்து நிற்கின்றன. மரத்துக்குக் கேடு செய்வதாக எண்ணி இதே பறவையை ஒரு காலத்தில் சுட்டுக் கொன்றார்கள் என்பதை என்னால் இன்றும் வருத்தமில்லாமல் நினைக்க முடியவில்லை.

ஐபெக்ஸ் மலையாட்டின் கதையும் அத்தகையதே. வேட்டையால் ஆல்ப்ஸ் முழுவதும் அழிந்து, இத்தாலியின் கிரான் பாரடீசோ மலைப்பகுதியில் மட்டும் எஞ்சியது. அங்கிருந்து கள்ளத்தனமாகக் கொண்டுவரப்பட்ட குட்டிகளை வளர்த்துத்தான் 1911இல் சுவிட்சர்லாந்தின் மலைகளில் மீண்டும் விட்டார்கள்.

பனிக்காலத்தில் இவ்வுயிர்கள் பிழைப்பது அசையாமலிருப்பதால்தான். கரிய காட்டுக்கோழி பனிக்குள் குழி பறித்து நாளின் பெரும்பகுதியை அதற்குள்ளேயே கழித்து, காலையும் மாலையும் சிறிது நேரம் மட்டும் இரைக்காக வெளியே வருகிறது. செம்மான் நாடித்துடிப்பைக் குறைத்து, கால்களைக்கூடக் குளிர விட்டு, கோடையில் சேர்த்த கொழுப்பைச் சிறுகச் சிறுகச் செலவழிக்கிறது. எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு மனிதர் வந்தால் அவை பதறி ஓடுகின்றன. ஆழ்ந்த பனியில் ஓடிச் செலவான வலிமையை ஈடுசெய்ய அந்நாட்களில் போதிய தீனி கிடைப்பதில்லை. இது மீண்டும் மீண்டும் நடந்தால், வசந்தம் வருமுன்பே அந்த உயிர் போய்விடக்கூடும். நீ திரும்பிப் பார்க்கும்போது அங்கே உன் காலடித் தடம் மட்டும்தான் தெரியும்.

ஆகவே, காட்டுயிர்கள் தொந்தரவின்றி இருக்க ஒதுக்கப்பட்ட அமைதி வலயங்கள் எவை என்பதை வரைபடத்தில் பார்த்துவிட்டு, குறித்த பாதையிலேயே நட. விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் காட்டோரத்தைத் தவிர்த்துவிடு. எந்தப் பாதையில், யாருடன் போகிறாய் என்பதை முன்கூட்டியே எனக்கு எழுது. பனிச்சரிவு எச்சரிக்கையைப் புறப்படும் நாள் காலையிலும் ஒருமுறை பார்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா