கல்லாவுக்கு மேலே இருக்கும் படம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். என் அம்மா எனக்குப் பாவாடைத் துணி கிழித்த காலத்திலிருந்து உங்கள் கடைக்கு வந்துகொண்டிருக்கிறேன். முகம் தெரியும், பெயர் தெரிந்திருக்காது. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. நெல்லைக்காரர்கள் நாலு கடையைச் சொல்லி ஊகிப்பார்கள், ஊகிக்கட்டும். இதை அச்செடுத்து ஒரு கவரில் போட்டு உங்கள் கல்லாவிலும் கொடுத்துவிடுவேன்.

வைகாசியில் அத்தை மகன் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க வந்தோம். இரண்டாவது மாடி, காட்டன் பிரிவு. புடவை எடுத்துப் போட்ட பெண்ணின் இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கிரேப் பேண்டேஜ் சுற்றியிருந்தது. அத்தைக்கு வாய் சும்மா இருக்காது. "என்னம்மா, எலும்பு முறிஞ்சிட்டா?" என்றாள். "இல்லம்மா, லேசா சுளுக்கு" என்றது அந்தப் பெண். நாங்கள் புடவை பார்த்து முடிப்பதற்குள் பக்கத்தில் இன்னொரு குடும்பம் வந்து உட்கார்ந்தது. அவர்களும் அதையே கேட்டார்கள். "சூடு பட்டுட்டும்மா" என்றாள். கால் மணி நேரத்துக்குள் ஒரே கைக்கு இரண்டு வியாதி. நான் கவனித்ததை அவளும் கவனித்துவிட்டாள். புடவையை மடித்துக்கொண்டே குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அடி ஒண்ணும் இல்லக்கா. பச்சை குத்தியிருக்கேன். வெளிய தெரியக்கூடாதுன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு."

அதன் பிறகு எனக்குப் புடவையில் கண் போகவில்லை. கீழே இறங்கும்போது ஒவ்வொரு மாடியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். சட்டைத் துணிப் பிரிவில் ஒரு பையன் புறங்கையில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தான், வரிசையாக நாலு துண்டு. பில் போடுகிற இடத்தில் ஒரு பெண், வெயிலுக்கு ஸ்கூட்டியில் போகிறவர்கள் மாட்டுகிற நீளக் கையுறையை ஏசிக்குள் மாட்டிக்கொண்டு கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஜவுளிக் கடையா, கட்டுப்போடும் ஆஸ்பத்திரியா என்று தோன்றியது. கோபித்துக்கொள்ளாதீர்கள், அண்ணாச்சி. அன்றைக்கு நிஜமாகவே அப்படித்தான் தோன்றியது.

அந்தப் பெண்ணைப் பத்து நாள் கழித்து பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். கட்டை அவிழ்த்து உருட்டிக் கைப்பைக்குள் வைத்திருந்தாள். முன்கை முழுக்க வேர்க்குரு, ஓரிடத்தில் சொறிந்து புண்ணாகியிருந்தது. நடுவில் அந்தக் குற்றவாளி: மூன்று விரல் அகலத்துக்கு அவள் மகளின் பெயர், கீழே ஒரு சின்னப் பூ. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில் ஆடி அமாவாசைத் திருவிழாவில், பேட்டரி மிஷின் வைத்து உட்கார்ந்திருந்த ஒருவரிடம் குத்திக்கொண்டாளாம். பெயரில் வரும் ழகரத்தை அவர் ளகரமாக்கிவிட்டார். "பிள்ளை இப்ப ஒண்ணாங்கிளாஸ்க்கா. தப்பா இருக்கு, தப்பா இருக்குன்னு தினமும் சொல்லுதா" என்று சிரித்தாள். நானாக இருந்தால் எழுத்துப் பிழைக்காகத்தான் பேண்டேஜ் போட்டிருப்பேன்.

"லேசர்ல அழிச்சிட்டு வா, இல்லைன்னா மூடிக்கிட்டு வா" என்பது சூப்பர்வைசர் உத்தரவு. லேசர் என்பது சிலேட்டைத் துடைப்பது போல என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார் போல. தோலுக்குள் இருக்கிற மையை லேசர் பொடிப்பொடியாக உடைக்கும். அந்தப் பொடியை உடம்புதான் மெல்ல மெல்ல வெளியேற்ற வேண்டும். அதனால் ஒரு தடவை செய்தால் ஆறேழு வாரம் காத்திருந்து அடுத்த தடவை, இப்படிப் பல தடவை போக வேண்டும். கறுப்பு மை ஓரளவு போகும். பச்சை, மஞ்சள் வண்ணங்கள் லேசில் போகாது. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் அந்த இடம் மட்டும் வெளுத்துப்போகவும் வாய்ப்புண்டு. பெயர் போன இடத்தில் பெயர் வடிவத்திலேயே வெள்ளைத் தழும்பு! ஒரு தடவைக்கே சில ஆயிரம் ஆகும். அவள் சம்பளம் எவ்வளவு என்று உங்களுக்குத்தான் தெரியும்.

இனி நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் கல்லாவுக்கு மேலே ஆச்சி படம் மாட்டியிருக்கிறீர்கள். உங்கள் அம்மாவைத்தான் சொல்கிறேன். பழைய கடையில், இப்போது பார்க்கிங் இருக்கிற இடத்தில், மரப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து காசு வாங்கிப் போட்டது அவர்கள்தான். அந்தக் கையை எனக்கு நன்றாகத் தெரியும். சின்னப் பிள்ளையின் உயரத்துக்கு அந்தக் கைதான் எதிரே இருக்கும். மிச்சச் சில்லறையை எண்ணி என் உள்ளங்கையில் வைக்கும்போது முன்கையில் புள்ளிக்கோலம் ஒன்று தெரியும், சுற்றிச் சுற்றி வருகிற கோடு. அதற்குக் கீழே ஒரு தேள். "அது கொட்டுமா ஆச்சி?" என்று நான் கேட்க, "காசு குறைச்சுக் குடுத்தா கொட்டும்" என்பார்கள். படத்திலும் அந்தக் கோலம் இருக்கிறது. மடியில் கை வைத்து எடுத்த படம்தானே. மாலை கொஞ்சம் இறங்கி மறைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தத் தலைமுறையில் பச்சை இல்லாத கை எது? ஊருக்குள் குறத்தி வந்தால் தெருத் திண்ணையில் கூட்டம் கூடிவிடும் என்று என் பாட்டி சொல்லுவாள். மஞ்சள்பொடியையும் அகத்திக்கீரையையும் துணியில் தேய்த்துத் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, மேலே புதுச் சட்டியைக் கவிழ்த்துப் படிகிற கரியைச் சுரண்டி எடுப்பார்கள். அதைத் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை. சேர்த்துக் கட்டிய ஊசிகளால் குத்தும்போது வலி தெரியாமலிருக்கப் பாட்டு. கூலி கொஞ்சம் நெல்லோ, சில்லறையோ. மை என்னவோ கறுப்புதான், நம் தோலுக்குள் போனதும் பச்சையாகத் தெரியும், பெயரும் அதிலிருந்துதான். செத்த பிறகு நகை நட்டு எதுவும் கூட வராது, பச்சை மட்டும் வரும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. ஒரே ஊசியைப் பத்துப் பேருக்குக் குத்தியது ஆபத்துதான், அதைப் பெருமையாகச் சொல்ல மாட்டேன். எய்ட்ஸ் போஸ்டர்கள் சுவரில் ஏறிய காலத்தில் என் அம்மா என்னைத் திருவிழாவில் அந்தப் பக்கமே விடவில்லை.

ஆனால் அந்தக் கைகள் எல்லாம் வாடிக்கையாளர் முன்னால் நீட்டிய கைகள்தானே? மோர் ஊற்றிய கை, கீரைக்கட்டு கொடுத்த கை, பூ அளந்த கை. ஆம்பிளைகளை எடுத்துக்கொண்டால், எங்கள் ரூட் பஸ் கண்டக்டர் கையில் இரட்டை இலை இருந்தது. சில்லறை தராததற்கு அவரோடு எத்தனையோ பேர் சண்டை போட்டிருக்கிறார்கள். அந்த இலைக்காக ஒருவரும் போட்டதில்லை, எதிர்க்கட்சிக்காரர் உள்பட.

அப்புறம் எப்போது இது அசிங்கமாயிற்று? என் கணக்கு இது: 'பச்சை' என்ற சொல் ஒரு பக்கமும் 'டாட்டூ' என்ற சொல் இன்னொரு பக்கமும் போனபோது. அன்றைக்கு உங்கள் பட்டுப் பிரிவில் ஒரு கல்யாணப்பெண் உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டைச் சுற்றி இறகு மாதிரி ஒன்று வரைந்திருந்தது. அவளுக்குக் குடிக்கக் கலர் வாங்கிக் கொடுத்து, "டாட்டூ சூப்பரா இருக்கும்மா" என்று சொன்னது வேறு யாருமில்லை, அதே சூப்பர்வைசர். வாங்குகிறவள் கையில் இருந்தால் டாட்டூ. விற்கிறவள் கையில் இருந்தால் "பச்சை குத்தியிருக்கா, எப்படிப்பட்டவளோ." இந்த இரண்டாவது வாக்கியத்தை உங்கள் கடைக்குள்ளேயே என் காதால் கேட்டேன்.

"கஸ்டமர் என்ன நினைப்பாங்க" என்று நீங்கள் சொல்லுவீர்கள். இதே வாக்கியத்தை இதற்கு முன்னால் நீங்கள் எதற்குச் சொன்னீர்கள் என்பது ஞாபகம் இருக்கிறதா? நாற்காலிக்கு. 2021 செப்டம்பரில் 1947ஆம் வருடத்துக் கடைகள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று ஆக்கினார்களே, அப்போது. "பிள்ளைக உக்காந்திருந்தா வர்றவங்க மரியாதைக் குறைவா நினைப்பாங்க" என்று என் அப்பாவிடம் சொன்னீர்கள், நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்புறம் ஸ்டூல் வந்தது. யாராவது புடவை வாங்காமல் திரும்பிப் போனார்களா? ஸ்டூல் வந்ததையே எங்களில் பாதிப்பேர் கவனிக்கவில்லை.

நானும் கவுன்டருக்குப் பின்னால் உட்காருகிறவள்தான், அண்ணாச்சி. ஒரு கூட்டுறவு வங்கியில் 22 வருஷம். என் இடது மணிக்கட்டில் மூன்று புள்ளி இருக்கிறது, அம்மாவுக்குத் தெரியாமல் பாட்டி குத்திவிட்டது. கவுன்டரில் நிற்கிறவர்கள் பணத்தைப் பார்ப்பார்கள், அதை எண்ணுகிற விரலைப் பார்ப்பார்கள், சீக்கிரம் விடுவேனா என்று முகத்தைப் பார்ப்பார்கள். இத்தனை வருஷத்தில் புள்ளியைப் பற்றிக் கேட்டது ஒரே ஒரு பாட்டி. முதியோர் பென்ஷன் வாங்க வந்தவர், தன் கையை நீட்டி எதிரே வைத்துக் காட்டினார். பின்னால் நின்றவர் "சீக்கிரம் ஆகட்டும்" என்று சத்தம் போட்டார், அதோடு சரி.

உங்கள் பக்கம் ஒரு நியாயமும் இல்லை என்று சொல்ல மாட்டேன். நம்ம ஊரில் கையில் இருப்பது சும்மா கோலமாக மட்டும் இருப்பதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாதிக்கு ஒரு நிறத்தில் கயிறு கட்டிக்கொண்டு வருகிற மாவட்டம் இது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனைக் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் அந்தக் கயிறையும் மோதிரத்தையும் தடைசெய்யச் சொன்னது. நாளைக்கு ஒரு பையன் முன்கையில் தன் சாதித் தலைவர் முகத்தோடு வந்து வேட்டி விரித்தால், வேறு தெருக்காரர் எப்படி அந்த பெஞ்சில் உட்காருவார்? அதை மூடச் சொன்னால் நான் உங்கள் கட்சி. அரிவாளை மூடச் சொல்லுங்கள், கெட்ட வார்த்தையை மூடச் சொல்லுங்கள், அதற்கும் சரி என்பேன்.

அதற்கு என்ன குத்தியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். உங்கள் ஆட்கள் பார்ப்பதில்லை. தோலில் கோடு தெரிந்தால் கட்டு. மத்திய ஆயுதப் போலீஸ் படைகளுக்கு ஆள் எடுக்கும் விதி உங்கள் சூப்பர்வைசரைவிடத் தாராளமானது என்றால் நம்புவீர்களா? அங்கே பார்ப்பது மூன்று விஷயம்: என்ன, எங்கே, எவ்வளவு பெரிது. மதச் சின்னமோ பெயரோ இருக்கலாம். இடது முன்கையின் உள்பக்கம் அல்லது புறங்கை. அந்த உறுப்பின் பரப்பில் கால்வாசிக்கும் குறைவாக இருக்க வேண்டும். வலது முன்கை கூடாது, அது சல்யூட் அடிக்கிற கை. உங்கள் காட்டன் பிரிவுப் பெண்ணுக்குப் பெயர்தான், இடது கைதான், அளவும் சின்னதுதான். துப்பாக்கி பிடிக்கிற வேலைக்கு ஆகிற கை, சுங்குடி விரித்துக் காட்ட ஆகாதா?

தூரத்திலிருந்து ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். நியூசிலாந்தின் மவோரி மக்களுக்கும் நம்மைப் போலப் பச்சை குத்தும் வழக்கம் உண்டு. அவர்களுக்கு அது குலவழி சொல்லும் அடையாளம், முகத்திலேயே குத்திக்கொள்வார்கள். ஏர் நியூசிலாந்து விமானத்தின் வாலில் இருக்கிற சுருள் வடிவம் அந்த மக்களுடையது. ஆனால் அதே கம்பெனியின் பணிப்பெண்கள், சீருடையில் இருக்கும்போது, கையில் பச்சை தெரிய நிற்கக்கூடாது என்று வெகுகாலம் விதி வைத்திருந்தார்கள். வாலில் இருக்கலாம், கையில் இருக்கக்கூடாது! ஊரெல்லாம் கேள்வி கேட்டு, 2019 செப்டம்பரில்தான் மாற்றினார்கள். 2021 டிசம்பரில் ஒரினி கைபாரா என்ற செய்தி வாசிப்பாளர், தாடையில் பச்சையோடு, அந்த நாட்டின் மாலை ஆறு மணிச் செய்தியை வாசித்தார். விமானத்தின் வாலைப் பற்றிப் படித்தபோது எனக்கு உங்கள் கல்லாதான் ஞாபகம் வந்தது.

அந்தப் பெண் போன மாதம் வேலையை விட்டுவிட்டாள். சண்டையெல்லாம் இல்லை. கையில் புண் ஆறவில்லை, வேறு இடத்தில் கூப்பிட்டார்கள், போய்விட்டாள். இப்போது ஒரு மளிகை சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறாள், கட்டு இல்லாமல். அதனால்தான் இவ்வளவும் எழுத முடிந்தது. அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "அண்ணாச்சி நல்லவருதான்க்கா, அவருக்கு இது தெரியவே தெரியாதா இருக்கும்" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. சட்டைத் துணிப் பையனும் பில் போடுகிற பெண்ணும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். கடை திறந்து கூட்டம் வருவதற்குள், சூப்பர்வைசரை அனுப்பாமல் நீங்களே போய்க் கேளுங்கள். பையன் பிளாஸ்திரிக்கு அடியில் என்ன வைத்திருக்கிறான் என்று எனக்கும் தெரியாது. சாதித் தலைவராக இருந்தால் பிளாஸ்திரி இருக்கட்டும்.

தீபாவளிக்கு வருவோம். அத்தைக்கு ஐந்து புடவை எடுக்க வேண்டும், ஒரு மணி நேரம் ஆகும்.

இப்படிக்கு,
உங்கள் கடையில் இன்னும் பேரம் பேசிப் பார்க்கிற ஒருத்தி