வேக்கம் ஓடும்போது மெயினைப் போடாதீர்கள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்தக் கோடையில் கேஸ் போடப் போன வீடுகளில் எல்லாம் ஒரே கேள்வி. "போன தடவை வந்த மெக்கானிக் பத்தே நிமிஷத்தில் முடித்துவிட்டார். நீங்கள் மட்டும் ஏன் தனியாக ஒரு பம்ப்பைக் கொண்டுவந்து முக்கால் மணி நேரம் ஓட்டுகிறீர்கள்? அதற்கு ஏன் பில்லில் தனி வரி?" நின்றுகொண்டே பதில் சொன்னால் சாக்குப்போக்கு போலத் தெரிகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறோம். கேஸ் போடுவதற்கு முன் பைப்புக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் அந்தப் பம்ப் இழுத்து வெளியேற்றுகிறது. அப்படி உள்ளே வெறுமையாக்குவதைத்தான் வேக்கம் என்கிறோம்.

ஏ.சி.யோ பிரிட்ஜோ, அதிலிருக்கும் கருப்புக் குண்டானைக் கம்ப்ரஸர் என்கிறோம். அழுத்துகிற பகுதி, மோட்டார், எண்ணெய் மூன்றும் அதற்குள்ளேதான் இருக்கின்றன. கரண்ட் உள்ளே போவது மூன்று பின்கள் வழியாக. ஒவ்வொரு பின்னையும் சுற்றி ஒரு கண்ணாடி வளையம் உண்டு. பின்னுக்கும் பின்னுக்கும், பின்னுக்கும் இரும்புக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒரு விரல் அகலம்கூட இருக்காது. வழக்கமாக அந்த இடைவெளியில் கேஸ் நிறைந்திருக்கும். அந்த கேஸ் குளிர்விக்க மட்டுமில்லை, கரண்ட் ஒரு பின்னிலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமல் தடுக்கவும்தான்.

கேஸை எடுத்துவிட்டால் நடுவில் ஒன்றுமே இல்லையே, கரண்ட் எப்படித் தாவும் என்று தோன்றும். வீட்டுப் பழைய ட்யூப் லைட்டை நினைத்துப் பாருங்கள். அந்தக் குழாய்க்குள் இருப்பது மிகக் குறைந்த அழுத்தத்தில் உள்ள வாயு. சோக்கும் ஸ்டார்ட்டரும் ஒரு உதை கொடுத்தால் போதும், நம் வீட்டு 230 வோல்ட்டிலேயே கரண்ட் நாலடி தூரம் ஓடுகிறது. வெளிக் காற்றில் ஒரு மில்லிமீட்டர் தாண்டவே ஏறக்குறைய 3000 வோல்ட் வேண்டும். தேரோட்டக் கூட்டத்தில் ஓடப் பார்ப்பவன் நாலு பேர் மேல் இடித்து நின்றுவிடுவான். கூட்டம் கலைந்தால் வேகம் பிடிப்பான், எதிரில் வருபவரையும் தள்ளிவிடுவான். காற்று மெலிந்தால் எலக்ட்ரானும் அப்படித்தான். இதை 1889-லேயே ஃபிரெடரிக் பாஷென் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் அளந்து வைத்திருக்கிறார். அழுத்தம் குறையக் குறையக் காற்றைத் தாண்டத் தேவையான வோல்ட்டும் குறைந்துகொண்டே வந்து, ஏறக்குறைய 330 வோல்ட்டில் அடிமட்டத்தைத் தொடும். இன்னும் காற்றை இழுத்தால் மறுபடி ஏறும்.

எங்களுக்கு உறைத்த விஷயம் இதுதான். பைப்பில் ஈரம் தங்காமலிருக்க பம்ப்பால் நாங்கள் அழுத்தத்தை இறக்குகிற அளவு 500 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டர் பாதரசம். வெளிக் காற்றின் அழுத்தம் 760 மில்லிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் இடைவெளிக்குக் கணக்குப் போட்டால், அந்த 330 வோல்ட் அடிமட்டம் வருவதும் ஏறக்குறைய அரை மில்லிமீட்டரில்தான். கரண்ட் தாவுவதற்கு மிகவும் வசதியான நிலையை நாங்களே உண்டாக்கி வைத்திருக்கிறோம்!

"வீட்டு லைன் 230தானே, 330 இல்லையே?" என்று எலக்ட்ரீஷியன் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் 230 என்பது சராசரி போல ஒரு கணக்கு. அலையின் உச்சி 325. ராத்திரியில் லைன் 250-க்கு ஏறினால் உச்சி 350-ஐத் தாண்டிவிடும். கெபாசிட்டர் போட்ட மோட்டாரின் ஸ்டார்ட் காயிலில் அதைவிடவும் கூடுதலாக நிற்கும். கெபாசிட்டர் மேல் 440 வோல்ட் என்று அச்சடித்திருப்பது சும்மா இல்லை. த்ரீ பேஸ் என்றால் சொல்லவே வேண்டாம், 415-க்கு உச்சி 587.

இதை நாங்கள் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். ஒரு இறைச்சிக் கடையின் குளிர் அறை, த்ரீ பேஸில் ஓடும் ஸ்க்ரோல் கம்ப்ரஸர், அதாவது பிஸ்டனுக்குப் பதில் இரண்டு சுருள் தகடுகளால் கேஸை அழுத்துகிற வகை. பம்ப் ஒரு மணி நேரம் ஓடி, கேஜ் 500-க்கு வந்தாகிவிட்டது. எங்கள் பையன் டீ குடிக்கப் போனான். கடைக்காரரின் தம்பி வந்தார், பிரேக்கர் இறங்கியிருக்கிறதே, ட்ரிப் ஆகிவிட்டது போல என்று தூக்கிவிட்டார். 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி பிரேக்கர் நிற்கவே இல்லை. அந்தக் கம்ப்ரஸரை அறுத்துப் பார்த்தோம். காயில் புதுசு போலத் தேன் நிறத்தில் பளபளத்தது. ஆனால் இரண்டு பின்களுக்கு நடுவில் கண்ணாடி மேல் பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கருப்புக் கோடு. ஒரு தடவை அந்தக் கரிக்கோடு விழுந்துவிட்டால் பிறகு கேஸ் நிரப்பியும் பயனில்லை, கரண்டுக்கு அதுவே பாதை. தப்பு அவர்மேல் இல்லை. பூட்டுப் போடாமல் விட்டது நாங்கள். புதுக் கம்ப்ரஸர் செலவில் பாதியை ஏற்றுக்கொண்டோம்.

அப்புறம் அந்தப் பத்து நிமிஷ வேலை. ஏ.சி.யின் கம்ப்ரஸரையே ஓடவிட்டு அதை வைத்தே காற்றை இழுக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. பழைய பிஸ்டன் கம்ப்ரஸர் ஆழமாக இழுக்காது, அதனால் பல தடவை தப்பித்துவிடும். "இருபது வருஷமா இப்படித்தான் செய்றேன்" என்று அவர் சொல்வதும் பொய்யில்லை. ஆனால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். ஸ்க்ரோல் அப்படியில்லை, தன்னைத்தானே ஆழமான வேக்கத்துக்கு இழுத்துக்கொண்டு பின்னைப் பொசுக்கிக்கொள்ளும். குளிர்விக்க கேஸும் வராததால் காயிலும் சூடேறும்.

பிரிட்ஜ் வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். இப்போதைய பிரிட்ஜ்களில் வரும் ஆர்-600ஏ கேஸ், ஓடும்போது கம்ப்ரஸர் குண்டானுக்குள் வெளிக் காற்றைவிடக் குறைந்த அழுத்தத்தில்தான் இருக்கும். ஆனாலும் அது பாதி அளவுக்குச் சற்று மேலே, 500 மைக்ரானுக்குப் பக்கத்தில்கூட வராது. அந்தக் கம்ப்ரஸரே அதற்குத் தகுந்தபடி செய்ததுதான்.

வீடு மாற்றும்போது 'கேஸ் லாக்' செய்வதை, அதாவது கேஸை எல்லாம் அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுத்து அடைப்பதை மட்டும் தயவுசெய்து தெரிந்தவரிடம் விடுங்கள். வால்வை மூடிவிட்டு ஏ.சி.யை ஓடவிட்டு மறந்துபோனால் மேலே சொன்ன வேக்கம்தான். லூசான நட்டு வழியாகக் காற்றும் உள்ளே போனால், எண்ணெயும் காற்றும் சேர்ந்து அழுந்திக் கம்ப்ரஸரே வெடிக்கலாம்.

இனி எங்கள் ஆள் வந்தால் முதலில் எம்.சி.பி.யை, அதாவது பிரேக்கரை இறக்கிச் சின்னப் பூட்டுப் போடுவார், சிவப்பு அட்டை தொங்கவிடுவார். ஜெனரேட்டர் தானாக மாறும் இடமென்றால் அவுட்டோரில் வயரையே கழற்றிவிடுவார். சாவி அவர் சட்டைப் பையில்தான் இருக்கும், கேட்டாலும் தரமாட்டார், கோபித்துக்கொள்ளாதீர்கள். பம்ப் ஓடும்போது யாரும் மெக்கர் (கரண்ட் கசிகிறதா என்று பார்க்கும் கருவி) வைத்துச் சோதிக்கவும் விடாதீர்கள், அதுவும் 500 வோல்ட்தான். கேஸ் உள்ளே போன பிறகுதான் பூட்டுத் திறக்கும்.

அந்தக் கருப்புக் கோடு விழுந்த மூன்று பின் தகடு நம் கடை மேஜைமேல்தான் இருக்கிறது. வரும்போது எடுத்துப் பாருங்கள். விரலில் கரி ஒட்டும், துடைக்கப் பக்கத்திலேயே துணி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
உங்கள் ஏ.சி. சர்வீஸ் கடையிலிருந்து