கேம்பிரிட்ஜ் கல்லூரித் தலைவர்களுக்கு ஒரு சமையற்கட்டு ஊழியரின் திறந்த மடல்

கேம்பிரிட்ஜின் 31 கல்லூரிகளின் தலைவர்களுக்கும் பல்கலைக்கழக நிர்வாகத்துக்கும் வணக்கம்.

உங்கள் கல்லூரிகளில் ஒன்றின் சமையற்கட்டில் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இதே மடலை ஆங்கிலத்தில் உங்களுக்கு அனுப்பிவிட்டேன். தமிழிலும் எழுதக் காரணம் உண்டு. நர்ஸ் வேலை போன்ற வேலைகளுக்கு இந்த ஊருக்கு வர நினைக்கும் நம் ஆட்கள், விமானம் ஏறுவதற்கு முன்பே இங்குள்ள நிலைமையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் குடியிருப்பது நகரத்திலிருந்து பன்னிரண்டு மைல் தள்ளி ஒரு கிராமத்தில். காலை 4:50-க்கு ஒரு காரில் மூன்று பேர் கிளம்புவோம். நான், மாணவர்களின் அறைகளைச் சுத்தம் செய்யும் ஓர் அக்கா, மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்க்கும் ஒரு தம்பி. முதல் பேருந்துக்குக் காத்திருந்தால் மூவருக்குமே வேலை நேரம் தப்பிவிடும். வந்த புதிதில் மில் ரோடு பக்கம் ஓர் அறையில் இருந்தேன். நடந்தே வேலைக்குப் போனேன். ஒப்பந்தம் முடிந்தபோது வீட்டுக்காரர் கேட்ட புது வாடகை என் சம்பளத்தில் பாதியைத் தாண்டியது. மனைவியும் வந்து சேர்ந்த நேரம் அது. பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியே போனோம். அக்காவின் கதையும் இதேதான். அவர் பிறந்து வளர்ந்ததே இந்த ஊரில், அபி பகுதியில்.

இது நொடித்துப்போன ஊராக இருந்தால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். 1970-இல் டிரினிட்டி கல்லூரி தன் நிலத்தில், தொழில்நுட்ப நிறுவனங்கள் இயங்கும் அறிவியல் பூங்காவைத் தொடங்கியது. 1990-இல் ஆர்ம் நிறுவனம் இங்கே பிறந்தது. இன்று உலகின் பெரும்பாலான கைபேசிகளுக்குள் இருப்பது அதன் சிப் வடிவமைப்பு. மருந்து நிறுவனமான அஸ்ட்ராஜெனெகா தன் தலைமையகத்தையே ஆடன்புரூக்ஸ் மருத்துவமனைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறது. 2025 ஜனவரியில் பிரிட்டன் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ், ஆக்ஸ்ஃபோர்டு முதல் கேம்பிரிட்ஜ் வரையிலான பகுதியை வளர்த்தால் 2035-க்குள் நாட்டுப் பொருளாதாரத்தில் 7,800 கோடி பவுண்டு வரை கூடும் என்றார். நல்லது, வளரட்டும். நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கும் ஊரில் வேலை செய்வதில் எனக்கும் பெருமைதான்.

ஆனால் சென்டர் ஃபார் சிட்டீஸ் என்ற ஆய்வு அமைப்பு 2017-இலும் 2018-இலும் பிரிட்டனிலேயே ஏற்றத்தாழ்வு மிக அதிகமான நகரம் என்று இந்த ஊரைத்தான் சொன்னது. அப்போது மேல்தட்டில் இருந்த 6 சதவீதம் பேர் ஊரின் மொத்த வருமானத்தில் 19 சதவீதத்தை எடுத்துக்கொண்டார்கள். கீழ்த்தட்டில் இருந்த 20 சதவீதம் பேருக்குக் கிடைத்தது 2 சதவீதம். சராசரி வீட்டு விலை 5 லட்சம் பவுண்டை ஒட்டி நிற்கிறது. கிங்ஸ் ஹெட்ஜஸ், அபி போன்ற ஏழைப் பகுதிகளில் பிறக்கும் குழந்தையின் ஆயுள், ஊரின் வசதியான பகுதியில் பிறக்கும் குழந்தையின் ஆயுளைவிடப் பல ஆண்டுகள் குறைவு. கிங்ஸ் ஹெட்ஜஸிலிருந்து அறிவியல் பூங்காவுக்கு நடந்தே போய்விடலாம்.

வீடு கட்டுவது நகர மன்றத்தின் பொறுப்பு, அரசின் பொறுப்பு என்று நீங்கள் சொல்லலாம். 2024-இல் அன்றைய அரசு 2050-க்குள் 1,50,000 வீடுகள் என்று ஒரு கணக்கைச் சொன்னது. பெரிய திட்டங்களில் 40 சதவீதம் 'கட்டுப்படியாகும்' வீடுகளாக இருக்க வேண்டும் என்பது உள்ளூர் விதி. சரி, அதன் பொருள் என்ன? அந்த வீடுகள் பலவற்றுக்குச் சந்தை வாடகையில் 80 சதவீதம் வரை வாங்கலாம். சந்தை வாடகையே எட்டாத உயரத்தில் இருக்கும் ஊரில், அதில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால் பாத்திரம் கழுவுபவருக்கு எப்படிக் கட்டுப்படியாகும்? வாடகையைச் சந்தையிலிருந்து கணக்கிடாமல் சம்பளத்திலிருந்து கணக்கிட வேண்டும். இந்த மடலில் நான் கேட்பது இது ஒன்றைத்தான்.

அதை உங்களிடம் கேட்பதற்குக் காரணம், நிலம் உங்களிடம் இருப்பது. நகரைச் சுற்றிப் பல இடங்களில் வளர்ச்சி உங்கள் நிலத்தின் மேல்தான் நடக்கிறது. அதன் பலனும் உங்களுக்கு வருகிறது. உங்களால் முடியும் என்பதற்குச் சாட்சி எடிங்டன். வடமேற்கே பல்கலைக்கழகமே எழுப்பிவரும் அந்தக் குடியிருப்பில் 3,000 வீடுகளில் பாதியைப் பல்கலைக்கழக, கல்லூரிப் பணியாளர்களுக்கென்று ஒதுக்கினீர்கள். ஆராய்ச்சியாளர் வாடகை கொடுக்க முடியாமல் வேறு ஊருக்குப் போய்விடுவாரோ என்ற கவலையில் பிறந்த திட்டம் அது. அந்தக் கவலை எங்களைப் பற்றியும் வர வேண்டும். சமையற்காரர், துப்புரவாளர், வாயில் காவலர் எல்லோரும் ஒரு மாதம் வராவிட்டால் எந்தக் கல்லூரியில் பாடப் பருவம் நடக்கும்?

டிரினிட்டி வாசலைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ராமானுஜன் நினைவு வரும். 1914-இல் சென்னையிலிருந்து வந்தவர், மரக்கறி உணவுக்காகத் தன் அறையிலேயே தானே சமைத்துச் சாப்பிட்டார். எங்கிருந்தோ வந்த குமாஸ்தாவுக்கு இந்த ஊர் ஓர் அறை கொடுத்தது. அதை நான் மறக்கவில்லை.

அதைவிடப் பழைய முன்மாதிரி ஒன்றும் இருக்கிறது. 1610-ஐ ஒட்டி, சாக்கடை நாற்றத்தில் தவித்த ஊருக்கு ஒன்பது ஊற்றுகள் எனப்படும் நைன் வெல்ஸிலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவர நகரமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து கால்வாய் வெட்டின. ஹாப்சன் கால்வாய் என்று இன்றும் இருக்கிறது. டிரம்பிங்டன் தெருவின் ஓரத்தில் அந்தத் தண்ணீர் ஓடுவதைப் பார்க்கலாம். பல்கலைக்கழகமும் ஊர்க்காரர்களும் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறார்கள், ஆனால் தண்ணீருக்கு ஒன்றாக நின்றார்கள். அந்த ஊற்றுகளுக்குப் பக்கத்தில்தான் இப்போது, ஆடன்புரூக்ஸும் அஸ்ட்ராஜெனெகாவும் இருக்கும் உயிர்மருத்துவ வளாகம் நிற்கிறது. நிலத்தடிச் சுண்ணாம்புப் பாறையிலிருந்து அளவுக்கு மீறி நீர் எடுப்பதால் ஓடைகள் வற்றுகின்றன என்று சொல்லி, ஆயிரக்கணக்கான புதிய வீடுகளுக்குச் சுற்றுச்சூழல் முகமை ஆட்சேபம் தெரிவித்ததும் உங்களுக்குத் தெரியும். அதாவது எத்தனை வீடு வேண்டுமானாலும் கட்டிக்கொண்டே போக முடியாது. தண்ணீர் அளவோடுதான் இருக்கிறது என்றால், கட்டும் வீடுகள் யாருக்கு என்ற கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

போக்குவரத்தைப் பற்றியும் கொஞ்சம். 2022-இல், வார நாட்களில் நகருக்குள் வரும் கார்களுக்கு 5 பவுண்டு கட்டணம் வைத்து, அந்தப் பணத்தில் பேருந்துகளைக் கூட்டலாம் என்ற யோசனை வந்தது. கருத்துக் கேட்டபோது 70 சதவீதம் பேர் பேருந்தை ஆதரித்தார்கள், 58 சதவீதம் பேர் கட்டணத்தை எதிர்த்தார்கள். நானும் எதிர்த்தேன். 2023 செப்டம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. கட்டணத்தோடு அது கொடுத்திருக்கக்கூடிய பேருந்துகளும் போயின. என் வாக்கை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது. வேலைக்குப் பக்கத்தில் வீடு இருந்திருந்தால் அப்படி ஒரு தேர்வே எனக்கு வந்திருக்காது.

அக்டோபரில் மைக்கேல்மஸ் பருவம் தொடங்குவதற்கு முன் உங்கள் ஆட்சிக் குழுவில் இதை வையுங்கள்: கல்லூரி நிலத்தில் இனி எழும் குடியிருப்புகளில், உங்கள் சம்பளப் பட்டியலின் அடிமட்டத்தில் இருப்பவர்களுக்கு, அவர்கள் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாத வாடகையில் எத்தனை வீடுகள்? எண்ணிக்கையை எழுதித் தாருங்கள்.

முடிவெடுப்பதற்கு முன் உங்களில் ஒருவர் ஒருநாள் எங்களோடு வாருங்கள். காரின் பின்சீட்டில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. 4:50-க்குக் கிளம்பிவிடுவோம்.

இப்படிக்கு,
கல்லூரிச் சமையற்கட்டு ஊழியர் ஒருவர்