ஷார்ப் ஐயா, அந்த ‘அல்லது’ பற்றி

அன்புள்ள சாமுவேல் ஷார்ப் ஐயாவுக்கு,

உங்கள் ஆட்கள் உங்களை ‘டாடி ஷார்ப்’ என்று கூப்பிட்டார்கள். அந்த உரிமை எனக்கில்லை. ஐயா என்றே எழுதுகிறேன். ஜமைக்காவில் அடிமையாக இருந்துகொண்டே பாப்டிஸ்ட் சபையில் ஆட்களை வழிநடத்தி, 1831 டிசம்பரில் கரும்புத் தோட்ட அடிமைகளின் வேலைநிறுத்தத்தைத் திட்டமிட்டவர் நீங்கள்.

இன்று மே 23. 1832-இல் இதே நாளில் மான்டிகோ பே சந்தைத் திடலில் நடந்ததை உங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு மறுநாளிலிருந்து நடந்ததுதான் உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லவும், உங்களிடம் ஒன்று கேட்கவும் இதை எழுதுகிறேன்.

மறுநாள், மே 24, லண்டனில் தாமஸ் ஃபோவெல் பக்ஸ்டன் நாடாளுமன்றக் கீழவையில் எழுந்து, அடிமைமுறையை ஒழிக்கும் வழியை ஆராய ஒரு குழு வேண்டும் என்றார். முந்தின நாள் உங்களைத் தூக்கில் போட்டது அவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. கப்பலில் செய்தி போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். ஆனால் டிசம்பரில் ஜமைக்காத் தோட்டங்களில் எழுந்த நெருப்பின் செய்தி பிப்ரவரியிலேயே போய்விட்டது.

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். லண்டன் நாடாளுமன்றத்தில் வில்பர்ஃபோர்ஸ் பேசினார், சட்டம் வந்தது, விலங்கு உடைந்தது என்று மூன்று வரியில் இந்தக் கதையை முடித்துவிடுகிறவர்கள் நாங்கள். உங்கள் பெயர் வந்தால் அதுவே அதிகம். ஆனால் எங்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. தோட்ட முதலாளிகள் கணக்குப் புத்தகம் விட்டுப் போனார்கள், எம்.பி.க்கள் பேச்சுகளை விட்டுப் போனார்கள். உங்கள் தரப்பில் மிஞ்சியதோ பெரும்பாலும் தூக்குமேடை நிழலில் வாங்கிய வாக்குமூலங்களும் பாதிரிமார் எழுதி வைத்த குறிப்புகளும்தான். உயிருக்கு மன்றாடும் ஒருவன் நீதிபதி முன்னால் சொன்னதில் எதை நம்புவது, எதைத் தள்ளுவது? அந்தக் குழப்பத்தில்தான் விட்டுவிட்டோம். இது முழு நியாயம் இல்லை என்பதும் தெரியும்.

அந்தக் குறிப்புகளில் ஓர் இரவு இருக்கிறது. என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

ரிட்ரீவ் தோட்டத்தில் உங்கள் கூட்டாளி ஜான்சனின் வீடு. ஜெபக்கூட்டம் முடிந்து மற்றவர்கள் போன பிறகு சிலர் மட்டும் தங்கினீர்கள். அங்கே இருந்த ஹில்டன் பின்னர் பிளெபி பாதிரியாரிடம் சொன்னது இது. நீங்கள் மெல்லிய, தணிந்த குரலில் பேசினீர்களாம், சுவருக்கு வெளியே ஒரு சொல்லும் போய்விடாதபடி. கறுப்பர்கள் வெள்ளையரை அடிமையாக வைக்க என்ன உரிமை உண்டோ, அந்த அளவு உரிமைதான் வெள்ளையருக்கும் உண்டு என்றீர்கள். பிறகு, அரசர் நமக்கு விடுதலை கொடுத்துவிட்டார், அல்லது கொடுப்பதென்று தீர்மானித்துவிட்டார், அதைத் தடுக்கத்தான் துரைமார் கதவைச் சாத்திக்கொண்டு கூட்டம் போடுகிறார்கள் என்றீர்கள். நாம் எழுந்து நிற்காவிட்டால் துப்பாக்கி முனையில் நிறுத்திப் புறாவைச் சுடுகிற மாதிரி சுட்டுவிடுவார்கள் என்றும் சொன்னீர்கள். கிறிஸ்துமஸ் முடிந்தபின் அடிமையாக வேலைக்குப் போவதில்லை என்று ஒவ்வொருவரும் சத்தியம் செய்தார்கள்.

அந்த ‘அல்லது’. அதைப் பற்றித்தான் கேட்கப் போகிறேன். அதற்கு முன்னால் உங்கள் திட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இதைப் படிக்கும் பலர் அதை ஏதோ கண்மூடித்தனமான கொதிப்பு என்று நினைத்திருப்பார்கள்.

கரும்பை வெட்டிய பிறகு ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாளுக்குள் ஆலையில் ஆட்டியாக வேண்டும். தாமதித்தால் சாறு புளித்துப் போகும், சர்க்கரை கட்டாது. அதனால்தான் வெட்டுக்காலத்தில் ஆலை இரவு பகலாக ஓடும், ஆட்கள் முறைபோட்டுக் கொப்பரையடியில் நிற்பார்கள். ஜமைக்காவில் அந்தக் காலம் கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்ததும் தொடங்கும். முற்றிய கரும்பு வயலில் நிற்கும், ஒரு வருட வருமானமும் அந்தச் சில மாதங்களில் தொங்கும். மற்ற எந்த மாதத்தில் வேலையை நிறுத்தினாலும் துரை சவுக்கை வைத்துக்கொண்டு காத்திருக்கலாம். இந்த மாதத்தில் அவரால் காத்திருக்க முடியாது. கூலி கொடு, வெட்டுகிறோம், இல்லையென்றால் கரும்பு நிற்கட்டும். ஓர் அடிமையிடம் இருந்த ஒரே பேரம் இதுதான். அதை நாள் பார்த்துக் குறித்தீர்கள். 1831-இல் கிறிஸ்துமஸ் ஞாயிற்றுக்கிழமை வந்ததும், அந்த ஞாயிறு விடுமுறைக் கணக்கில் சேருமா சேராதா என்று துரைமார் பேரம் பேசியதும் ஆட்களைக் கொதிக்கவைத்து உங்களுக்கே சாதகமாகப் போயிற்று.

கோளாறு எங்கே வந்தது? நெருப்பில்.

கரும்பாலையில் எளிதில் பற்றும் இடம் சக்கைக் கொட்டகை. சாறு பிழிந்த சக்கையைக் காயவைத்துக் கொப்பரைக்கு எரிபொருளாகக் கூரைக்கடியில் அடுக்கி வைத்திருப்பார்கள். 27-ஆம் தேதி மாலை கென்சிங்டன் தோட்டத்தில் எரிந்தது அதுதான். கென்சிங்டன் மேட்டில் இருந்தது. மான்டிகோ பே பக்கம் கண்ணுள்ள எவருக்கும் தெரிந்திருக்கும். அதற்குப் பதில் சொல்வதுபோல் மலைக்கு மலை நெருப்பு எழுந்தது. அந்த நொடியில் உங்கள் வேலைநிறுத்தம் செத்தது. வேலைக்கு வராதவனைச் சுட ஒரு கவர்னருக்குக் காரணம் தேடவேண்டியிருக்கும், எரிகிற தோட்டத்துக்குப் பட்டாளம் அனுப்பக் காரணமே தேவையில்லை.

நெருப்பைப் பற்றி இதற்குமேல் எழுதும்போது வார்த்தையை எண்ணித்தான் வைக்கிறேன். இது உங்களுக்கு மட்டும் போகும் கடிதம் இல்லை, நாலு பேர் பார்க்கப் போகிறார்கள். வெள்ளையர் 14 பேர் இறந்தார்கள் என்பதை மறைக்க மாட்டேன். சண்டையில் உங்கள் தரப்பில் சுமார் 200 பேர் இறந்தார்கள் என்பதையும், அதன்பிறகு 300-க்கும் மேற்பட்டவர்களைத் தூக்கிலிட்டும் சுட்டும் கொன்றார்கள் என்பதையும் அதோடு சேர்த்தே எழுதுவேன். யார் முதலில் பந்தம் வைத்தார் என்ற விசாரணைக்குள் போகமாட்டேன். இத்தனை பெரிய அழிவு நேர்ந்ததற்கு நீங்கள் சிறையில் வருந்தினீர்கள் என்று பிளெபி எழுதியிருக்கிறார். அது போதும் எனக்கு.

ஆயுதப் பக்கம் எவ்வளவு மெலிவு என்பதை நினைத்தால் வயிறு கலங்குகிறது. ‘கறுப்புப் படை’ என்று பேரெடுத்த ஜான்சனின் கூட்டத்தில் சுமார் 150 பேர், துப்பாக்கி 50. அதை வைத்துக்கொண்டு ஓல்டு மான்ட்பெலியரில் கிரிக்னன் தலைமையில் நின்ற துரைமாரின் துணைப்படையைத் துறைமுகம் வரை பின்வாங்க வைத்தார்கள்! ஆனால் அதற்குமேல் என்ன செய்ய முடியும்? முன்பு தப்பியோடிய அடிமைகளின் வழிவந்த மலைவாசிகளான மரூன்கள், பிரிட்டிஷாரோடு செய்த 1739 ஒப்பந்தத்தால் கட்டுண்டு, அரசின் பக்கம் நின்று உங்களவர்களையே வேட்டையாடினார்கள். மலைக்காடு ஒளிவிடமாக இருக்கும் என்ற நம்பிக்கை அங்கேயே போயிற்று. ஜனவரி பிறந்ததும் தளபதி வில்லோபி காட்டன் பட்டாளத்தோடு வந்திறங்கி, தலைவர்களைத் தவிர, திரும்பி வருபவர்களுக்கு மன்னிப்பு என்று அறிவித்தார். பாதிப்பேர் அதை நம்பி இறங்கினார்களோ பசியால் இறங்கினார்களோ, வரிசை உடைந்தது.

இப்போது கேட்கிறேன். அரசர் அனுப்பியதாகச் சனம் நம்பிய அந்த விடுதலைச் சீட்டு என்று ஒன்று இல்லை என்பது உங்களுக்குத் தெரியுமா?

உங்களுக்குப் படிக்கத் தெரியும். செய்தித்தாளைப் படித்து மற்றவர்களுக்குச் சொன்னவரே நீங்கள்தான். லண்டனில் என்ன சட்டம் வந்திருக்கிறது, என்ன வரவில்லை என்பது தோட்டத்தில் இருந்த மற்றவர்களைவிட உங்களுக்குத் தெரிந்திருக்கும். பர்ச்செல் பாதிரியார் கப்பலில் அந்தச் சீட்டோடு வருகிறார் என்று சனம் நம்பியது. அவர் ஜனவரியில் வந்து இறங்கினார். கையில் சீட்டு இல்லை, அவரையே கைது செய்தார்கள். அறுபதாயிரம் பேர் வரை இதில் இறங்கினார்கள் என்கிறார்கள். அதில் எத்தனை பேர் இல்லாத ஒரு காகிதத்துக்காகக் கயிற்றில் தொங்கினார்கள்? அவர்களிடம் உண்மையைச் சொல்லியிருக்கக் கூடாதா? ‘சட்டம் இன்னும் வரவில்லை, வரவைக்கத்தான் இறங்குகிறோம்’ என்று சொல்ல உங்கள் அந்த மெல்லிய குரலுக்கு என்ன தடை?

கோபத்தில் எழுதிவிட்டேன். அழிக்கப் போவதில்லை.

ஏனென்றால் மறுபக்கமும் எனக்குத் தெரிகிறது. 1816-இல் பார்படோஸிலும் 1823-இல் டெமராராவிலும் எழுந்த அடிமைக் கலகங்களில் இதே பேச்சுத்தான்: அரசர் கொடுத்துவிட்டார், துரை மறைக்கிறார். அது பரவக் காரணம் துரைமாரே. சாப்பாட்டு மேசையில் அமர்ந்து லண்டனைத் திட்டினார்கள், பரிமாறுகிறவனுக்குக் காது உண்டு என்பதை மறந்தார்கள். அரசர் ஆணைக்குக் கீழ்ப்படிகிறோம் என்று நினைக்கும் மனிதனுக்கு, கலகம் செய்கிறோம் என்ற பயம் பாதி குறைந்துவிடும். நீங்கள் ‘கொடுத்துவிட்டார்’ என்று நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ‘அல்லது’ என்று சேர்த்தீர்கள். பொய் சொல்ல மனம் வராத ஒருவர், உண்மையை முழுதாகச் சொல்லவும் துணியாமல் நின்ற இடம் அந்தச் சொல் என்று படுகிறது. என் வாசிப்பு தவறாகவும் இருக்கலாம். நீங்கள் இல்லை, கேட்க முடியாது.

பக்ஸ்டன் கேட்ட அந்த லண்டன் குழு இரண்டு கேள்விகளை எடுத்துக்கொண்டது. விடுதலை கொடுத்தால் இவர்கள் உழைத்துத் தங்களைக் காத்துக்கொள்வார்களா? விடுதலையைக் கொடுப்பதில் ஆபத்து அதிகமா, மறுப்பதில் ஆபத்து அதிகமா? இரண்டாவது கேள்வியைப் பாருங்கள். அது தர்மத்தைக் கேட்கவில்லை, செலவைக் கேட்கிறது. ஜமைக்கா சட்டசபையே சேதக் கணக்கை 11 லட்சம் பவுனுக்கும் மேல் என்று போட்டிருந்தது. அந்தக் கேள்வியை அவர்கள் வாயில் வைத்தது நீங்களும் உங்களோடு போனவர்களும். வெறிபிடித்த துரைமார் உங்கள் பாப்டிஸ்ட் ஆலயங்களை இடித்தது மிச்சத்தைச் செய்தது. வில்லியம் நிப் பாதிரியார் நேரே இங்கிலாந்து போய் இரண்டு அவைகளின் குழுக்களிலும் சாட்சி சொன்னார்.

சட்டம் 1833 ஆகஸ்ட் 28-இல் நிறைவேறியது. இழப்பீடு 2 கோடி பவுன். உங்கள் ஆட்களுக்கு என்று நினைத்துவிடாதீர்கள், முதலாளிகளுக்கு. அதற்கு வாங்கிய கடனை பிரிட்டிஷ் அரசு 2015-இல்தான் அடைத்து முடித்தது. உங்களுக்குத் தனிக் கணக்கு: உங்களைத் தூக்கிலிட்டதால் ஏற்பட்ட ‘சொத்து நட்டத்துக்கு’ உரிமையாளருக்கு 16 பவுன் 10 ஷில்லிங் கொடுத்தார்கள். இந்த வரியை எழுதும்போதெல்லாம் கை கூசுகிறது. (தமிழில் படிப்பவர்களுக்கு ஒன்று: அந்தச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட பகுதிகளையும் இலங்கையையும் வெளியே விட்டுவிட்டது. இந்தியாவுக்குத் தனிச் சட்டம் 1843-இல்தான் வந்தது.)

1834 ஆகஸ்ட் 1-இல் கிடைத்ததும் முழு விடுதலை இல்லை. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மட்டும் உடனே விடுபட்டார்கள். மற்றவர்களுக்குப் ‘பயிற்சிக் காலம்’ என்று பெயர். வயலாட்களுக்கு ஆறு வருடம், மற்றவர்களுக்கு நான்கு, அதே துரைக்கு வாரத்தின் பெரும்பகுதி கூலியில்லா வேலை. அதுவும் தாங்காமல் 1838-இல் முடிந்தது.

1838 ஜூலை 31 இரவு ஃபால்மத்தில் நிப்பின் ஆலயத்தில் ஒரு சவப்பெட்டி செய்து வைத்திருந்தார்கள். அதற்குள் ஒரு சங்கிலி, ஒரு சவுக்கு, ஓர் இரும்புக் கழுத்துப்பட்டை. நள்ளிரவு மணி அடித்ததும் ஆகஸ்ட் 1 பிறந்தது. பெட்டியைக் குழியில் இறக்கினார்கள். அன்று விடுதலையான யாருக்கும் தனியாகச் சீட்டு எதுவும் தேவைப்படவில்லை.

அன்புடன்,
உங்கள் வாசகன்
மே 23