கடைசி லைன் வீட்டு அக்காவுக்கும், கூட நின்ற அனைவருக்கும்

அன்புடையீர், வணக்கம்.

ஊன்றுகோல் இல்லாமல் நேற்றுத்தான் முதன்முறையாக வாசற்படி இறங்கினேன். அந்தத் தெம்பு இருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நடந்தது என்ன என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

சரிவிலிருந்து என்னைத் தூக்கி வந்த வேட்டைத் தடுப்புக் காவலர்கள், வால்பாறையிலிருந்து ஆழியாறு வரையிலான 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் கால் அதிராதபடி ஜீப்பை இறக்கிய ஓட்டுநர் அண்ணன், இரத்தம் கொடுத்தவர்கள், முகம் தெரியாமலேயே நூறும் இருநூறுமாகப் பணம் அனுப்பியவர்கள், இரவுகளில் மாறி மாறிக் கண்விழித்த விடுதித் தோழிகள், உதவித்தொகை நின்றுவிடாமல் படிவம் படிவமாக எழுதிக் கொடுத்த என் நெறியாளர் என்று அத்தனை பேருக்கும் தனித்தனியே கடிதம் எழுதக் கடமைப்பட்டவள் நான். இப்போதைக்கு ஒரே வரியில் சேர்த்து வணங்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மடலில் பெரும்பகுதியை ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கு ஒதுக்க வேண்டியிருக்கிறது. அவர் செய்தது என்னவென்று உங்களில் யாருக்கும் தெரியாது. பத்து நாட்கள் முன்புவரை எனக்கே தெரியாது.

அதைச் சொல்வதற்கு முன், நான் அங்கே என்ன செய்துகொண்டிருந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். "குரங்கு பார்க்கவா எம்.எஸ்சி. படித்தாய்?" என்று கேட்டுச் சிரித்த உறவினர்களுக்கும் இதுவரை நான் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. கோயில் குளத்துப் படிகளில் நாட்டுக் குரங்குகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு, முதுகலை முதலாண்டுக் களப்பயணத்தில் வால்பாறையில் கண்ட சோலைமந்திக் கூட்டம்தான் வழி காட்டியது. முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரியும் வால் நுனியில் குஞ்சமும் கொண்ட இந்தச் சிங்கவால் குரங்கு, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் வாழ்வதில்லை. மர உச்சியிலேயே வாழ்நாளைக் கழிக்கும் விலங்கு இது. வால்பாறையின் 220 சதுர கிலோமீட்டர் பீடபூமியில் காடு தேயிலைக்கு நடுவே தீவுத் தீவாகச் சிதறிவிட்டதால், தரைக்கும் தார்ச்சாலைக்கும், தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லைன் வீட்டுக் கூரைக்கும் இறங்கிவிட்டது. கூரை ஏறிப் பழகிய மந்தியின் குட்டி, வெடிப்பலா போன்ற காட்டு உணவுகளை எத்தனையாவது மாதத்தில், யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது என்பதே என் முனைவர் பட்ட ஆய்வின் கேள்வி. இதற்குக் குட்டி பிறந்த நாள் துல்லியமாகத் தெரிந்தாக வேண்டும். ஒரு மந்தி அடுத்த குட்டியை ஈன ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகிவிடும் என்பதால், ஒரு பிறப்பைத் தவறவிட்டால் என் ஆய்வுக் காலத்துக்குள் அந்தத் தாயிடம் மறுவாய்ப்பு கிடையாது.

கிழிந்த காது என்று நான் பெயரிட்டிருந்த மந்தி நிறைசூலியாக இருந்த வாரத்தில்தான் நான் மருத்துவமனைக்குப் போனேன். வலியைவிட அந்த நினைப்புத்தான் அங்கே என்னை அதிகம் அழவைத்தது என்றால் செவிலியர்கள் நம்பமாட்டார்கள்.

தோட்டத்தின் கடைசி லைனில் இருக்கும் அந்த அக்காவுக்குக் குரங்குகள் மீது தனிப்பிரியம் உண்டு என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு முறை கூரைத் தகட்டைப் பெயர்த்து இறங்கி, முட்டையையும் சர்க்கரையையும் காலி செய்துவிட்டுப் போன கூட்டம் அது. மழைக்கு அவர் வீட்டுத் திண்ணையில் ஒதுங்கி, சாக்ஸுக்குள் புகுந்த அட்டைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு நாளில், "அப்படி என்னதான் எழுதுற?" என்று கேட்டார். காட்டினேன். ஒரு நாள் விட்டுப்போனாலும் கணக்கு ஓட்டையாகிவிடும் என்று சொன்னதாக நினைவு. கடுங்காப்பி கொடுத்தார், குடித்துவிட்டுக் கிளம்பினேன். எங்களுக்குள் இருந்த பழக்கம் அவ்வளவுதான்.

பத்து நாட்களுக்கு முன்பு, விடுதியில் விட்டுவந்த பெட்டிகளை எடுக்க வால்பாறை போனபோது, ரப்பர் பேண்ட் போட்ட தாள்கட்டு ஒன்றை அந்த அக்கா என் கையில் கொடுத்தார். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்கள், மொத்தம் 26. முன்பக்கம் தேதியும் ராகு காலமும் எமகண்டமும். பின்பக்கம் பென்சிலில் அவர் எழுத்து. நான் இல்லாத நாட்களில், கொழுந்து பறிக்கப் போகும்போதும் வரும்போதும் பார்த்ததை எழுதியிருக்கிறார். அவரிடம் கடிகாரம் இல்லாததால் நேரங்கள் "சங்கு ஊதுன பிறகு", "முதல் எடை", "கடைசி எடை" என்று இருக்கின்றன; எடை என்றால் பறித்த கொழுந்தை நிறுக்கும் நேரம். குட்டி சுமந்த மந்திக்கு வட்டத்துக்குள் ஒரு புள்ளி, மற்றவற்றுக்கு வெறும் கோடு. பதினோராவது தாளில், மாலை எடைக்கு நேராக, "காது கிழிஞ்சது, குட்டி இல்ல" என்று இருந்தது. பன்னிரண்டாவது தாளில், காலையிலேயே, "காது கிழிஞ்சது, குட்டி இருக்கு, ஈரம்".

திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆனால் என்னை அதைவிட உலுக்கியது வேறொன்று. சில தாள்களில் "காணல" என்று எழுதியிருந்தார். நான்கு தாள்களில் மட்டும் "பாக்கல" என்று இருந்தது. ஏன் இப்படி என்று கேட்டேன். "காய்ச்சல்ல படுத்திருந்தேன் பாப்பா. நான் பாக்காததுக்கு, அது வரலன்னு எழுதலாமா?" என்றார்.

விலங்கின் நடத்தையை எப்படிப் பார்த்துப் பதிய வேண்டும் என்பதை, ஆப்பிரிக்க பபூன் குரங்குகளை ஆராய்ந்த ஜீன் ஆல்ட்மன் 1974இல் முறைப்படுத்தினார். இன்றுவரை எங்கள் துறையில் நுழையும் ஒவ்வொருவரும் படித்தாக வேண்டிய கட்டுரை அது. தேடியும் தென்படாததையும் தேடவே செய்யாததையும் ஒன்றாக்கிவிடக் கூடாது என்ற அரிச்சுவடி எனக்கு உறைக்க ஒரு பருவம் முழுதாகத் தேவைப்பட்டது; முதலாண்டுக் குறிப்பேடுகளில் வெறும் கோடிட்டு விட்ட கட்டங்கள் எந்த வகை என்று இன்று எனக்கே தெரியவில்லை. அக்காவுக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை.

உணர்ச்சிவசப்பட்டு ஆய்வு நேர்மையை விட்டுவிட்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம் என்பதற்காக இதையும் சொல்கிறேன். நான் 15 நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்கும் பதிவுகளோடு இந்தத் தாள்களைக் கலக்க முடியாது. இருவர் பார்ப்பதும் ஒத்துப்போகிறதா என்று முன்கூட்டிச் சோதிக்கவில்லை. வேலைக்குப் போகும் வழியில் பார்த்ததும் நாள் முழுக்கப் பின்தொடர்ந்து பார்த்ததும் ஒன்றல்ல. எனவே அந்த 26 நாட்கள் என் அட்டவணையில் இடைவெளியாகவே இருக்கும். பிறந்த நாள் மட்டும், எந்த மாலைக்கும் எந்தக் காலைக்கும் இடையில் என்ற வரம்போடு, அக்காவின் தாள்களைச் சான்று காட்டி ஆய்வேட்டில் இடம்பெறும். தாள்கள் பின்னிணைப்பாக வரும். நெறியாளர் ஒப்புக்கொண்டுவிட்டார்.

அக்காவுக்குக் கூலி கொடுக்கப் பார்த்துத் திட்டு வாங்கினேன். கூரைத் தகட்டுக்கு அடியில் கம்பிவலை அடித்துத் தருகிறேன் என்றதற்கு மட்டும், "அது வேணும்" என்றார். கால் முழுதாகத் தேறியதும் முதல் வேலை அதுதான். வாய்மொழித் தேர்வுக்கு முன்பாக, என் முடிவுகளை அந்த லைன் திண்ணையில் தமிழில் படித்துக் காட்டுவேன் என்றும் சொல்லியிருக்கிறேன். அந்தக் குரங்குகளோடு தினமும் மல்லுக்கட்டுபவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் கேட்கப்போகும் கேள்விகளை நினைத்தால் தேர்வாளர்கள் மீதிருந்த பயம் குறைகிறது.

ஆய்வேட்டின் நன்றியுரையில் உங்கள் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, கொழுந்துக் கூடையை எடுத்து மாட்டிக்கொண்டே சொன்னார்: "கடைசி லைன்னு போட்டுக்கோ. எஸ்டேட்டுக்கே தெரியும்."