காபிச் சக்கையில் சிப்பிக் காளான்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். பேத்தி நடை பழகுகிறாள் என்ற செய்தி எங்கள் இருவருக்கும் மிகுந்த மகிழ்ச்சி தந்தது. காபிச் சக்கையில் சிப்பிக் காளான் வளர்க்க நீங்கள் கட்டிய பை பச்சை பூத்துவிட்டது என்று எழுதியிருந்ததுதான் வருத்தமாக இருந்தது.

பச்சையாகப் படர்வது பெரும்பாலும் டிரைக்கோடெர்மா என்னும் பூசணம். அந்தப் பையை வீட்டுக்குள் பிரிக்காமல் அப்படியே வெளியேற்றிவிடுங்கள். கொதிநீர் பட்டு வடிந்த காபிச் சக்கை ஏறக்குறைய அவித்த பொருள்தான் என்பதால், வைக்கோலைப் போல அதைத் தனியே அவிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சுத்தம் ஒரு நாளைக்கு மேல் தாங்காது. பல நாள் டப்பாவில் சேர்த்த சக்கையில், நாம் காளான் வித்தை, அதாவது காளான் இழை படர்ந்த தானிய மணிகளை, கலக்கும் முன்பே வேறு பூசணம் குடியேறிவிடுகிறது. அன்றன்றைய சக்கையை ஆறியதும் பயன்படுத்துங்கள். சேர்த்து வைக்க நேர்ந்தால் உறைபெட்டியில் வையுங்கள். வித்தில் சிக்கனம் வேண்டாம். ஒரு கிலோ சக்கைக்கு 100 முதல் 200 கிராம் வரை கலந்தால் காளான் இழை முந்திக்கொள்ளும்.

ஈரத்தைவிடக் காற்றே முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம். காபிச் சக்கை நுண்ணியது. அழுத்தினால் இறுகிப்போய், நடுவில் உள்ள இழைக்கு மூச்சு முட்டுகிறது. கொதிநீரில் ஊறவைத்துப் பிழிந்த வைக்கோல் துண்டுகளையோ கிழித்த அட்டையையோ கலந்தால் இடைவெளி கிடைக்கும். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி மட்டும் சொட்ட வேண்டும்.

20 முதல் 25 டிகிரி வெப்பத்தில், இருட்டில், இரண்டு மூன்று வாரங்களில் பை முழுவதும் வெளுத்துவிடும். ஒவ்வொரு வித்துமணியைச் சுற்றியும் வெண்பஞ்சாகக் கிளம்பும் இழைகள் கறுத்த சக்கையினூடே ஒன்றையொன்று தொட்டு இணைவதை அருகில் வைத்துப் பாருங்கள். எனக்கு இதில் மிகப் பிடித்த கட்டம் அதுதான். புளித்த வாடை வந்தால் மட்டும் ஐயப்படுங்கள். பை முழுவதும் வெளுத்த பிறகு அதைக் கீறி, வெயில் படாத வெளிச்சத்தில் வைத்து, நாள்தோறும் இரண்டு மூன்று முறை நீர் தெளியுங்கள். தண்டு நீண்டு குடை சிறுத்தால் கரியமில வாயு தேங்குகிறது என்று பொருள். சன்னலைத் திறந்து வைத்தாலே போதும்.

குடையின் விளிம்பு மேல்நோக்கி விரியும் முன்பே கொத்தாகத் திருகி எடுத்துவிடுங்கள். முதிர்ந்த காளான் உதிர்க்கும் வித்துத்தூள் மூச்சுக்கு ஆகாது. உங்கள் துணைவியாருக்கு இளைப்பு உண்டென்பதால் பையைப் படுக்கையறைக்கு அருகே வைக்கவே வேண்டாம்.

அடுத்த பை கட்டியதும், சக்கையோடு எதைக் கலந்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்